எங்கள் வீட்டுப் பெரும்புள்ளி

என் அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, பெயர் கேட்டு, நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளே டிரில் சத்தம் கேட்டதும் நைசாக எழுந்து வாசல் பக்கம் நகர்கிறவர்களைப் பேச்சுக் கொடுத்தே பிடித்து நிறுத்த வேண்டும். "எங்க ஓடினாலும் பல்லும் கூடவேதான் வரும், உக்காருங்க" என்பார். ஆட்கள் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

கீழ்வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள். மாடியில் நான். அண்ணனுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே வந்ததல்ல, ஒரு காய்ச்சல் வந்து போனபோது காதையும் கையோடு கொண்டு போய்விட்டது. கருவி மாட்டினால் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டார். ஆனால் டிவியில் வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தா பேசுவார்கள்? அதனால் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வார். கதாநாயகன் கண்ணீர் விட்டு ஒரு பக்கத்துக்கு வசனம் பேசி முடித்திருப்பான். அண்ணி அண்ணனின் தோளைத் தட்டி, "வரமாட்டானாம்" என்பார்.

"இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னானா?"

"சாரம் அவ்வளவுதாங்க."

மகள் பள்ளி நாடகத்தில் நடித்தபோதுதான் அண்ணிக்கு இது போதாது என்று பட்டது. மேடையில் பிள்ளை என்னவோ சொல்கிறாள், அரங்கமே கைதட்டுகிறது, அண்ணன் மட்டும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு கணம் தாமதமாகத் தட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்த வீடியோவுக்கு அடியில் வசனத்தை எழுத்தாகப் போட வழி தேடினார். இணையத்தில் ஒரு மென்பொருள் கிடைத்தது. இலவசம். அதோடு அது திறமூல மென்பொருள். அதாவது ஒரு கம்பெனியின் சொத்தல்ல. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், குறை கண்டால் சொல்லலாம், தெரிந்தவர்கள் திருத்தியும் அனுப்பலாம். எந்தெந்த ஊரிலோ இருக்கும் நம் மொழிக்காரர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சேர்ந்து அதை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி உட்கார்ந்து மகளின் நாடகத்துக்கு வசன வரி போட்டார். அண்ணன் பார்த்தார். மகள் மேடையில் ராஜாவைப் பார்த்து, "உங்க கிரீடம் கொஞ்சம் லூசா இருக்கு, புடிச்சுக்கோங்க" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் வரி கொஞ்சம் பிந்தி வந்ததால் அவர் சிரிப்பும் பிந்தியே வந்தது. அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. அந்த மென்பொருள் குழுவின் பக்கத்துக்குப் போய், பிழைகளைச் சொல்லும் இடத்தில், "சிரிப்பு லேட்டா வருது" என்று தலைப்புப் போட்டு, என்ன கணினி, எந்த வீடியோ, எந்த வரியிலிருந்து பிந்துகிறது என்று விவரமாக எழுதினார். மென்பொருளை இயக்கும் நிரல் என்றால் என்னவென்றே அப்போது அவருக்குத் தெரியாது. ஆனால் வலிக்கிற பல்லைச் சரியாகத் தொட்டுக் காட்டத் தெரியும். தினமும் பார்க்கிற வேலைதானே.

யாரோ ஒருவர் நிரலைத் திருத்தினார். அதை ஏற்பதற்கு முன் 'ஆமை' என்ற பெயரில் இன்னொருவர் வந்து, "பார்த்தேன். இன்னும் இல்லை" என்று எழுதினார். திருத்தியவர் மறுபடி திருத்தினார். "பார்த்தேன். சரி" என்றார் ஆமை. அடுத்த வாரம் அண்ணனின் சிரிப்பு மகளின் வசனத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து அண்ணி அந்தக் குழுவில் ஒருவரானார். வீட்டில் இருந்த பழைய கணினி எதைத் திறந்தாலும் முக்கி முனகும். அதில் ஓடினால் எதிலும் ஓடும் என்று குழுவினர் புதிய பதிப்பை அவரிடம்தான் முதலில் சோதிக்கக் கொடுத்தார்கள். புதிதாக வந்து திணறுகிறவர்களுக்கு அண்ணி பொறுமையாகப் பதில் எழுதுவார். வசன வரி வேலை செய்பவர் என்பதால் குழுவில் அவர் பெயர் 'வரியக்கா'. ஒருநாள் போனில் யாரோ அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, பல் டாக்டர் சில நாள் அவரிடம் கொஞ்சம் பயபக்தியோடு நடந்துகொண்டாராம். வரித்துறையில் அண்ணிக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்துவிட்டார் மனிதர்.

அண்ணியின் விசைப்பலகை பழுதானபோது ஆமை கேட்காமலே ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார். அண்ணி நன்றி சொல்லி ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். நேரில் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் வீட்டில் ஆமையைப் பற்றிப் பேசினால் பக்கத்துத் தெரு மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல்தான் இருக்கும்.

பிறகு புள்ளிகள் வந்தன.

குழுவை நடத்துகிறவரை எல்லாரும் 'தலைவர்' என்பார்கள். நல்ல பிள்ளை. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தது அவருக்குக் கவலை. உழைக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, ஒரு மரியாதையாவது கொடுக்கலாமே என்று நினைத்தார். நிரல் எழுதினால் இத்தனை புள்ளி, பிழை சொன்னால் இத்தனை, கேள்விக்குப் பதில் எழுதினால் இத்தனை. சேரச் சேரப் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் மாறும்: துளிர், கிளை, கடைசியாகத் தூண்.

"என்ன கூத்து இது, நர்சரி பிள்ளைங்க கையில ஸ்டார் ஒட்டற மாதிரி" என்று அண்ணி முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் தனக்கு எவ்வளவு என்று சும்மா எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் எட்டிப் பார்க்கும் வேலை நிற்கவில்லை.

'கொக்கு' என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். வந்த வேகத்தில் மடமடவென்று புள்ளிகளைக் கொத்திக்கொண்டு போனார். அண்ணிக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, போட்டி மட்டும் நடந்தது. ரசத்தைக் கொதிக்கவிட்டுவிட்டு, "அய்யோ, கொக்கு முந்திடுச்சு!" என்று அண்ணி போனோடு ஹாலுக்கு ஓடி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். முன்பு ஒரே பிழையாக எழுதியிருக்கக்கூடியதை வால், தலை, உடம்பு என்று பிரித்து மூன்றாக எழுதினார். சுலபமான கேள்விகளுக்கு முண்டியடித்துப் பதில் சொன்னார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஒரு ஆசிரியை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வரியை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல அரைநாள் உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். கிடைக்கப்போவது அதே புள்ளிதான். அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

அண்ணி தூண் ஆன அன்று அண்ணன் ஒரு கேக் வாங்கி வந்தார். "இனிமே எல்லாரும் மரியாதையாப் பேசுங்கப்பா. நம்ம வீட்ல ஒரு பெரும்புள்ளி இருக்காங்க" என்று தன் உரத்த குரலில் சொன்னார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் எப்போதும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து அண்ணிக்கு வாழ்த்துச் சொன்னார், எதற்கென்று தெரியாமலே.

சில மாதங்கள் கழித்துப் புதிய பதிப்பு வெளியானது. அண்ணியும் தன் கணினியில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதி, அதற்கான புள்ளியையும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் குழுவின் பக்கத்தில் ஒரே கூக்குரல். பழைய கோப்புகளைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்தால், மெய்யெழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. 'அம்மா' என்பது 'அமமா' ஆகிவிட்டது. 'தம்பி வந்துவிட்டான்' என்பது 'தமபி வநதுவிடடான'. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியவர்களின் வரிகள் ஒரே சொடுக்கில் பொக்கை வாயாகிவிட்டன. அந்த ஆசிரியை எழுதியிருந்தார்: "என் மாணவர்கள் இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். இதை எப்படி வாசிப்பார்கள்?"

அண்ணி அதை அண்ணனிடம் காட்டினார். அண்ணன் நிதானமாகப் படித்துவிட்டு, "ஆளாளுக்குப் புள்ளி குடுத்தீங்க. எழுத்துல இருந்த புள்ளி போயிடுச்சு" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்கள் அவை.

கோளாறு, கோப்பின் அளவைக் குறைக்கக் கொக்கு அனுப்பிய ஒரு திருத்தத்தில் இருந்தது. தப்பு யாருக்கும் வரும். ஆனால் இதை யாரும் பார்க்காமல் எப்படி உள்ளே விட்டார்கள்? முன்பெல்லாம் எது உள்ளே போனாலும் அதன் கீழே "பார்த்தேன். சரி" என்று ஒரு வரி இருக்குமே? அண்ணி பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனார். அந்த வரி எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆமை குழுவில் இல்லை. அவர் போனது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

காரணம் தேடியபோது அகப்பட்டது ஒரு விதி. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே புள்ளி வைத்திருப்பவர்களுக்கு, திருத்தங்களை ஏற்கும் உரிமை தானாகவே நீங்கிவிடும். சும்மா பெயரை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்காதவர்களைக் கழிக்க வந்த விதி அது. ஆனால் அடுத்தவர் எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பதற்குப் புள்ளி எதுவும் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆமை செய்தது அந்த ஒரு வேலைதான். விதியின் மேல் வாக்கெடுப்பு நடந்திருந்தது. ஆதரித்தவர்களில் வரியக்காவும் ஒருவர். வாக்களித்தால் ஒரு புள்ளி என்று சொன்னதால் படிக்காமல் அமுக்கியிருந்தார்.

ஆமைக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். இல்லை.

"தம்பி, ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கிறியா?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்க அண்ணி?"

"ஆமை வீட்டுக்கு. விலாசம் இருக்கு, வாழ்த்து அட்டை அனுப்பினேனே."

"வரச் சொல்லாம போனா நல்லாவா இருக்கும்?"

"சொல்லாம அனுப்பினோமே, அது நல்லாவா இருந்துச்சு?"

அண்ணனும் கூட வந்தார். பக்கத்து நகரம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது தளம். கதவைத் திறந்தது ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாட்டில் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார்.

நாங்கள் விழித்தோம்.

"தண்ணி கலங்கலா வருதுன்னுதானே வந்திருக்கீங்க? எல்லாரும் இப்படித்தான், ஆபீஸுக்குப் போகாம வீட்டுக்கு வந்துடறாங்க. என் தம்பி தண்ணியைச் சோதிக்கிறவன்தான், அதுக்காக ஞாயித்துக்கிழமையுமா?"

குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஆமைக்கு வேலை என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணி தன்னை யாரென்று சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வரியக்காவா? அந்த அட்டை இன்னும் எங்க அலமாரியில நிக்குது. வாங்க வாங்க. டேய், இங்க வா, யார் வந்திருக்காங்க பார்!"

உள்ளே இருந்து ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர் வந்தார். அண்ணியைப் பார்த்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு முறை பாக்கெட்டில் விட்டு எடுத்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். டீ வந்தது. அண்ணிதான் ஆரம்பித்தார்.

"ஏன் சார் சொல்லாம போயிட்டீங்க?"

"போகச் சொன்னாங்க, போயிட்டேன்." குரல் அவருக்கே கேட்குமா என்று சந்தேகமாக இருந்தது.

"யாரு சொன்னா?"

"மெயில் வந்துச்சு. இதுவரைக்கும் செஞ்சதுக்கு நன்றி, உங்க அனுமதி முடியுதுன்னு."

"அது மெஷின் அனுப்பினது சார்."

"மெஷினை யாராவது அனுப்பச் சொல்லியிருப்பாங்கல்ல?"

அண்ணி டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "சொன்னதுல நானும் ஒருத்தி. படிச்சுக்கூடப் பார்க்கல, ஓட்டுப் போட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஆமை தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அக்கா குறுக்கே வந்தார். "நீங்க செஞ்சது தப்போ சரியோ எனக்குத் தெரியாதும்மா. மாசக்கணக்கா இவன் என் பின்னாடியே சுத்திக்கிட்டிருக்கான். நான் காய் நறுக்கினா, துண்டெல்லாம் ஒரே அளவா இருக்கான்னு பார்க்கிறான். துணி காயப்போட்டா கிளிப் சரியா இருக்கான்னு பார்க்கிறான். எப்படியாவது திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்."

அண்ணிக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆமைக்கும் உதட்டோரம் அசைந்தது. அந்தச் சந்தில் அண்ணி கேட்டார். "புதுப் பதிப்பு பார்த்தீங்களா? புள்ளியெல்லாம் போயிடுச்சு."

"பார்த்தேன்."

"எப்போ?"

"வெளியிடறதுக்கு முன்னாடியே."

"பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையா?"

"என் பேருக்குப் பக்கத்துல 'பார்வையாளர்'னு போட்டிருந்தது" என்றார் ஆமை. "பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"பார்த்தீங்களா ரோஷத்தை!" என்றார் அவருடைய அக்கா.

"சார்," என்றார் அண்ணி, கிளினிக்கில் வாயைத் திறக்க மறுப்பவர்களிடம் பேசும் அதே குரலில், "நான் பண்ணினது பெரிய தப்பு. நீங்க பண்ணினது சின்னத் தப்பு. ஆனா உங்க ரோஷத்துக்கு ஊர்ல உள்ளவங்க எல்லாம் மெய்யெழுத்து இல்லாம தவிக்கிறாங்களே, அந்த டீச்சர்கிட்ட படிக்கிற பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?"

இவ்வளவு நேரமும் அண்ணன் எல்லார் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமை வாயைத் திறக்காமலே பேசுகிறவர் என்பதால் அவர் பக்கத்துப் பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. திடீரென்று, கட்டடமே அதிரும்படி, "எனக்குக் காது கேக்காது சார்! என் பொண்ணு மேடையில என்ன பேசினான்னு உங்க ஆளுங்களாலதான் தெரிஞ்சுக்கிட்டேன்!" என்றார்.

ஆமை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். மடிக்கணினியோடு திரும்பி வந்து, அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய எழுத்தில் தட்டினார்: "எந்த நாடகம்?" அண்ணன் கணினியைத் தன் பக்கம் இழுத்துப் பதில் தட்டினார். அப்புறம் அவர் தட்டினார், இவர் தட்டினார். பேச வராத ஒருவரும் கேட்க முடியாத ஒருவரும் வாய் ஓயாமல் எழுதிக்கொண்டார்கள். நடுவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். என்னவென்று எங்களுக்குச் சொல்லவே இல்லை.

திரும்பி வரும் வழியில் அண்ணி தலைவரை அழைத்தார். நடந்ததைக் கேட்டுத் தலைவர் ஆடிப்போய்விட்டார். "நான் ஆமை சாருக்குத்தான் முதல்ல மரியாதை செய்யணும்னு நினைச்சேன்க்கா" என்று பலமுறை சொன்னார். உரிமையைப் புள்ளியோடு முடிச்சுப் போட்ட விதியை நீக்கினார்கள். ஆமை திரும்பி வந்தார். வந்ததும் முதல் வேலையாகப் பழுதான திருத்தத்தை நீக்கிவிட்டு, உதிர்ந்த புள்ளிகளைப் பழைய பிரதியிலிருந்து மீட்கும் சின்ன நிரலையும் போட்டார். அந்த நிரலைத் தான் எழுதியதால் வேறொருவர் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பார்த்தது கொக்கு.

கொக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவில் பலரும் அவர்மேல் பாய்ந்தபோது, புள்ளி என்ற பேச்சே வேண்டாம், அடியோடு ஒழித்துவிடுங்கள் என்று அண்ணி எழுதினார். அப்போது கொக்கு அண்ணிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண் அவள். "எனக்குச் சிபாரிசு செய்ய யாரும் இல்லைக்கா. நேர்முகத் தேர்வுல காட்ட என்கிட்ட இந்தப் புள்ளி மட்டும்தான் இருக்கு." அண்ணி அதை எங்களிடம் படித்துக் காட்டினார்.

"நமக்கு அது கேக்குக்கு ஆச்சு. அவளுக்கு அது சோத்துக்கு" என்றார். ஒழிக்கச் சொன்னதை மறுநாள் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக, சரிபார்ப்பதற்கும் புள்ளி வேண்டும் என்றும், தங்கள் பெயருக்குப் பக்கத்தில் புள்ளியைக் காட்ட வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு மறைத்துவிட வேண்டும் என்றும் எழுதினார். நெடுநாள் சண்டை போட்டு, முக்கால்வாசியை ஒத்துக்கொண்டார்கள். முதலில் மறைக்கச் சொன்னது அண்ணி. ஆமையும் மறைத்துக்கொண்டார், பழைய வேலைக்கெல்லாம் கணக்குப் போட்டதில் அவர் எல்லாரையும் தாண்டிப் போய்விட்டிருந்தார், அவருக்கு அது பெருத்த சங்கடம். கொக்கு மறைக்கவில்லை. அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார்.

அந்த ஆசிரியையின் கேள்விக்கு ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து செய்து பார்த்து, படம் படமாகப் போட்டுப் பதில் எழுதினார். "தாமதத்துக்கு மன்னிக்கணும் டீச்சர்" என்றுதான் ஆரம்பித்தார். பதிலுக்கு டீச்சர் தன் வகுப்பின் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். இரண்டு பிள்ளைகள் சைகையில் சண்டை போட, இருவர் பக்கமும் தனித்தனியாக வரி ஓடுகிறது.

போன மாதம் ஆமையின் அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வேறு எங்கும் போகக்கூடாது என்று அண்ணி உத்தரவு போட்டுவிட்டார். ஆமைதான் கூட்டி வந்தார். அக்கா உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருக்க, ஆமை வெளியே வரவேற்பு மேசையின் ஓரத்தில் நின்றுகொண்டு அண்ணியின் கணினித் திரையையே பார்த்தார். மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குச் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு ரெண்டு பேரைப் போட்டிருக்கீங்க."

அண்ணி திரையைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். "ஒருத்தர் வரமாட்டார் சார். எப்பவும் லிஃப்ட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவார். நீங்க முதல்ல உக்காருங்க."

ஆமை கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டி உட்கார்ந்தார்.